பட்டம் பெற்றவர் நேர்முகப் பரீட்சையில் தடுமாறுவது ஏன்?

வேலையற்ற பட்டதாரிகளின் போராட்டம் எமது நாட்டில் பருவமழையைப் போன்று ஒரு கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்ற ஒன்றாகிவிட்டது. 2017ஆம் ஆண்டில் மட்டக்களப்பு காந்தி பூங்காவிலும் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்துக்கு முன்பாகவும் பட்டதாரிகள் தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்தமை பலருக்கும் நினைவிருக்கும். இத்தகைய போராட்டங்களின் பின்னர் அரசாங்கம் ஒரு தொகையினரைப் பயிலுனர்களாகச் சேர்த்துக்கொள்வதும், பின்னர் அவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நியமிக்கப்படுவதும், எஞ்சியோர் அடுத்த சுற்றுக்காகக் காத்திருப்பதும் வழமை. 2012இலும் 2020இலும் தடவைக்கு 50,000 பேர் அளவில் இவ்வாறு உள்வாங்கப்பட்டனர். பல பிரதேச செயலகங்களில் அவர்களுக்கு வழங்குவதற்கு வேலை இருக்கவில்லை. சில இடங்களில் கதிரையும் இருக்கவில்லை.

அந்தக் கதவு இப்போது ஒடுங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்த அரசு, அதே ஆண்டு ஜூனில் அரச ஊழியர்கள் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் எனச் சுற்றுநிருபம் வெளியிட்டது. இருக்கின்றவர்களையே அனுப்பிவைக்க விரும்பிய நிர்வாகம் அது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரச துறைக்கு 30,000 பேரைச் சேர்ப்பதாகக் கூறப்பட்டது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறுவோரையும், ஏற்கனவே காத்திருப்போரையும், பட்டம் இல்லாது தொழில் தேடுவோரையும் சேர்த்துப் பார்த்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரியே. ஆகவே எமது பிள்ளைகளில் பெரும்பாலானோர், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தனியார் துறையின் வாசலில் நிற்கப் போகின்றார்கள். அந்த வாசலில் என்ன நடைபெறுகின்றது என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது.

பொத்துவிலிலிருந்தோ மூதூரிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ ஒரு கலைப் பட்டதாரிக்குக் கொழும்பிலுள்ள நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வருகின்றது. இரவு முழுவதும் பஸ்ஸில் பயணித்து, புறக்கோட்டையில் முகம் கழுவி, ஒன்பது மணிக்கு அவர் அங்கே நிற்கின்றார். உள்ளே மூவர் அமர்ந்திருக்கின்றனர். "உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்று ஆங்கிலத்தில் முதல் வினா வருகின்றது. அவர் தனது பெயரையும் ஊரையும் தந்தையின் தொழிலையும் சகோதரர்களின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றார். வினாவியவர் கேட்க விரும்பியதோ, இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர் என்பதை. அந்த வினாவுக்குள் இன்னொரு வினா ஒளிந்திருக்கின்றது என்பதை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. மீண்டும் இரவு பஸ்.

இத்தகைய இளைஞரிடம் அறிவு இல்லை என்று கூற முடியாது. புவியியலிலோ பொருளியலிலோ நாற்பது பக்கங்கள் நிற்காமல் எழுதக்கூடியவர் அவர். இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்து, பின்னர் தாய்மொழிக் கல்வி பல்கலைக்கழகம் வரை விரிந்த காலத்திலிருந்து எமது கல்விமுறை எழுத்துப் பரீட்சையையே ஒரே தராசாகக் கொண்டுள்ளது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என எதிலும், சில மொழி, அழகியல் பாடங்களை விட்டுவிட்டால், வாய் திறந்து பேசியதற்குப் புள்ளி கிடையாது. பதினேழு வருடங்கள் எழுதியே உயர்ந்த ஒருவரை, பதினெட்டாவது வருடத்தில் பேசு என்கின்றோம்.

பாடசாலைகளில் முன்னர் வெள்ளிக்கிழமைகளில் மாணவர் மன்றம் கூடும். கூச்சமுள்ள பிள்ளையும் வருடத்தில் ஒரு தடவையாவது எழுந்து நான்கு வசனங்கள் பேசியாக வேண்டும். அந்த மன்றத்தைத் தனியார் வகுப்புகளும் பாடத்திட்டச் சுமையும் விழுங்கிவிட்டன. அதன் இழப்பு நேர்முகப் பரீட்சை அறையில்தான் தெரிகின்றது என்பதைப் பழைய ஆசிரியர்கள் அறிவார்கள்.

சுயவிபரக்கோவையின் கதை இதைவிட வேடிக்கையானது. எமது பிரதேசங்களில் அது பெரும்பாலும் மாணவரால் எழுதப்படுவதில்லை. ஊரிலுள்ள தொடர்பாடல் நிலையத்தின் கணினியில் ஏற்கனவே ஒருவருக்காகத் தயாரிக்கப்பட்ட படிவம் இருக்கும். பெயரும் பிறந்த திகதியும் மாற்றப்பட்டு அது அடுத்தவருக்கு வழங்கப்படும். இனம், மதம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தேர்தல் தொகுதி, சாதாரண தரத்தில் பெற்ற ஒன்பது பாடப் பெறுபேறுகள் என அரச விண்ணப்பப்படிவத்துக்கு உரிய அனைத்தும் அதில் வரிசையாக இருக்கும். இறுதியாண்டில் தான் மேற்கொண்ட ஆய்வு என்ன, மாணவர் சங்கத்தில் பொருளாளராக இருந்து எவ்வளவு பணத்துக்குக் கணக்கு வைத்தேன், விடுமுறையில் தந்தையின் கடையில் கொள்முதலைக் கவனித்தேன் என்பன இருக்காது. அவை தகைமைகள் என்று அவர் கருதுவதே இல்லை. தொழில் வழங்குபவர் தேடுவதோ அவற்றைத்தான். சான்று கூறுவோராகச் சமாதான நீதவானையும் அயல்வீட்டு அதிபரையும் குறிப்பிடுவதிலும் இதே குழப்பம்தான் உள்ளது. அவர்கள் இவரது நன்னடத்தையை அறிவார்கள். இவர் எப்படி வேலை செய்வார் என்பதை அறியமாட்டார்கள்.

அரச துறையின் நேர்முகப் பரீட்சையும் தனியார் துறையின் நேர்முகப் பரீட்சையும் ஒரே பெயரைக் கொண்ட இரு வேறு விடயங்கள் என்பதையும் இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். அரச சேவையில் பல பதவிகளுக்கு நடைபெறும் பொது நேர்முகப் பரீட்சை, சான்றிதழ்களை மூலப் பிரதிகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு முடிந்துவிடும். அதற்குப் புள்ளிகளே இல்லை. கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையில் எந்தச் சான்றிதழுக்கு எத்தனை புள்ளி என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில் மாத்திரம் சில நிமிடங்கள் கற்பித்துக் காட்டும் செயன்முறைப் பரீட்சை உண்டு. இந்த அனுபவத்தோடு வளர்ந்த சமூகம், கோவையைத் தடிப்பாக்குவதையே ஆயத்தம் எனக் கருதுகின்றது. டிப்ளோமாவுக்கு மேல் டிப்ளோமா சேர்க்கப்படுகின்றது. தனியார் நிறுவனத்தில் அந்தக் கோவையை எவரும் திறந்து பார்ப்பதுமில்லை.

இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு நோய் இருக்கின்றது. நேர்முகப் பரீட்சை என்பது ஒரு நாடகம், ஆளை முன்னரே தெரிவுசெய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை எமது இளைஞர் மத்தியில் ஆழமாக வேரூன்றியுள்ளது. இதனை வெறும் அவநம்பிக்கை எனத் தட்டிக்கழிக்க முடியாது. 1989இன் குருதி தோய்ந்த நாட்களில் நியமிக்கப்பட்ட இளைஞர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு, 1990இல் வெளியிட்ட அறிக்கையில், அரசியல் செல்வாக்குத் துஷ்பிரயோகம் செய்யப்படுவதையே இளைஞரின் மனக்கொதிப்புக்கான பிரதான காரணங்களுள் ஒன்றாக இனங்கண்டது. அமைச்சரின் கடிதம், பாராளுமன்ற உறுப்பினரின் பட்டியல் என்பன தெற்கில் மட்டுமன்றி எமது பகுதிகளிலும் நன்கு அறியப்பட்டவை. எமது அரசியல்வாதிகளும் இதில் கைசுத்தமானவர்கள் என்று சொல்வதற்கில்லை. முடிவு ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது என்று நம்பும் ஒருவர் எதற்காக ஆயத்தமாக வேண்டும்? அவர் நூலகத்துக்குச் செல்வதை விடுத்து அரசியல்வாதியின் வீட்டுக்குச் செல்வதில் வியப்பில்லை.

பிரச்சினை புதியதுமல்ல. 1971இல் சர்வதேச தொழில் தாபனத்தின் சார்பில் பொருளியலாளர் டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த குழு, தொழில் வாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் ஒன்றோடொன்று பொருத்துவதையே தனது அறிக்கையின் தலைப்பாக்கியது. படித்த இளைஞர் ஒரு குறிப்பிட்ட வகைத் தொழிலுக்காகக் காத்திருக்கின்றனர் என்ற அந்த அவதானிப்பு அரை நூற்றாண்டின் பின்னரும் பழையதாகவில்லை. அதேவேளை, காத்திருப்பதற்கு நியாயமும் இருந்தது. ஓய்வூதியமும் தொழில் பாதுகாப்பும் உள்ள ஒரே இடம் அரச சேவையே. யுத்தம் நடைபெற்ற மாவட்டங்களில் வேறு தொழில் வழங்குநர் நீண்ட காலமாக இருக்கவுமில்லை.

இன்று சில பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டில் ஒருநாள் செயலமர்வு நடத்தப்படுகின்றது. கழுத்துப்பட்டி எப்படிக் கட்டுவது, சப்பாத்தை எப்படித் துலக்குவது, கையை எவ்வளவு இறுக்கமாகக் குலுக்குவது என்று விளக்கப்படுகின்றது. கலைப்பீடங்களில் மாணவிகளே பெரும்பான்மையினர். தென்கிழக்கிலும் கிழக்கிலும் அவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். அவர்களுக்குக் கழுத்துப்பட்டியால் ஆவதொன்றுமில்லை. அந்நிய ஆண் ஒருவர் கையை நீட்டும்போது கைகொடுக்க விரும்பாத மாணவி என்ன செய்வது என்பதே அவளது உண்மையான வினா. நெஞ்சில் கை வைத்து, புன்முறுவலோடு வணக்கமோ ஸலாமோ கூறி அமர்ந்தால் போதும். பண்பறிந்த எவரும் அதனைத் தவறாகக் கொள்ளமாட்டார். இந்தச் சிறிய விடயத்தை முன்கூட்டியே பழகியிராத மாணவி, முதல் கணத்திலேயே பதற்றமடைந்து, மீதி ஒன்பது நிமிடங்களையும் இழந்துவிடுகின்றாள். வேற்று நாட்டுக் கைந்நூலை மொழிபெயர்த்துப் போதிக்கும் செயலமர்வுகளில் இதற்கு இடமில்லை.

மேசைக்கு மறுபுறத்தில் இருப்பவர்களையும் பேசாமல் விடலாகாது. எப்போது திருமணம், மாலை ஆறு மணிக்குப் பின்னர் வீட்டில் விடுவார்களா, இந்த உடையோடுதான் வேலைக்கு வருவீர்களா என்று பெண்களிடம் வினவுவது சாதாரணமாகிவிட்டது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் விண்ணப்பதாரிகள் மீதான சந்தேகப் பார்வையும், யுத்த காலம் முதல் வடக்கு முகவரி மீதான சந்தேகப் பார்வையும் முற்றாக மறைந்துவிட்டன என்று எவரும் உறுதி கூற முடியாது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, பால் என்பவற்றின் அடிப்படையில் பாரபட்சம் காட்டப்படலாகாது என்கின்றது. ஆயினும் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தை நாடக்கூடியது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் ஏற்படும் மீறலுக்கு மாத்திரமே. தனியார் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சை அறை அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றது. மாணவரிடம் திறன் போதாது என்று ஓயாது கூறுவோர் இந்த வெற்றிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இத்தகைய வினாக்களுக்கு எவ்வாறு கண்ணியமாகவும் சுருக்கமாகவும் பதிலளித்துவிட்டுத் தொழிலைப் பற்றிய பேச்சுக்குத் திரும்புவது என்பதையும் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகக் கற்பிக்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. சட்டம் வரும் வரை அதைத் தவிர வழியில்லை.

ஆங்கிலம் பற்றிப் பேசாது இவ்விடயம் முழுமை பெறாது. தென்னிலங்கைப் பல்கலைக்கழக மாணவர்கள் அதனைக் 'கடுவ', அதாவது வாள் என்று அழைப்பது பழைய வழக்கம். எமது மாணவருக்கு அந்த வாளோடு சிங்களம் என்ற இன்னொரு சுவரும் உண்டு. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்ற பாடம் உள்ளது. ஆனால் அதன் பெறுபேறு இசட் புள்ளியில் சேர்க்கப்படுவதில்லை என்பதால் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. இதற்கு உடனடித் தீர்வு எதுவும் கிடையாது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். யுத்தம் முடிந்த பின்னர் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் காப்புறுதி நிறுவனங்களும் வடக்கு, கிழக்கில் கிளைகளைப் பரப்பியுள்ளன. தமிழில் வாடிக்கையாளரோடு பேசி, ஒப்பந்தத்தை விளங்கப்படுத்தக்கூடிய ஒருவர் அவர்களுக்குத் தேவை. அரச துறையிலும் 2007ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் பின்னர் சேர்க்கப்படுவோர் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டுமெனச் சுற்றுநிருபம் உள்ளது. அவ்வாறிருக்க, எமது பட்டதாரிகள் சுயவிபரக்கோவையில் தமிழறிவைக் கடைசி வரியில், மன்னிப்புக் கோருவது போல எழுதுகின்றார்கள். அது முதல் வரியில் இருக்க வேண்டிய தகைமை. அத்தோடு நூறு சிங்கள வசனங்களைப் பேசக் கற்றுக்கொண்டவர், கொழும்பிலிருந்து வரும் பல விண்ணப்பதாரிகளைவிட அந்தக் கிளைக்குப் பொருத்தமானவர்.

இதற்கான காலமும் இருக்கின்றது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியிலேயே நடைபெற்றது. பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் வரையிலான இந்த நீண்ட இடைவெளி கவலைக்குரியதே; ஆயினும் பேச்சுச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு நிறுவனத்தில் சில மாதப் பயிற்சிக்கும் அது போதுமானது. பிள்ளையை அக்காலத்தில் வேலைக்கு அனுப்புவதைக் கௌரவக் குறைவாகக் கருதும் பெற்றோர் சற்றுச் சிந்திக்க வேண்டும். புடைவைக் கடையொன்றில் ஆறு மாதங்கள் நின்ற பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சையில் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன. பட்டப்படிப்பின் தொழில்சார் பொருத்தப்பாட்டை உயர்த்துவதற்கென 2003 முதல் உலக வங்கியின் உதவியுடன் திட்டங்களும் நடைமுறைப்படுத்தப்பட்டன. கணினிக்கூடங்கள் கிடைத்தன, ஆங்கில வகுப்புகள் நடந்தன. எனினும், பெறுபேற்றில் சேராத எதனையும் எமது மாணவர் பொருட்படுத்தமாட்டார் என்பது பொது ஆங்கிலம் தந்த பாடம். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே, புள்ளிக்குரிய பாடநெறியாக, முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது நான்கு மாதிரி நேர்முகப் பரீட்சைகளுக்கு முகங்கொடுக்க வேண்டும். முதலில் தமிழில் என்பதை வலியுறுத்துகின்றோம். தாய்மொழியில் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் ஒழுங்காகப் பேச முடியாதவர் வேற்றுமொழியில் பேசப் போவதில்லை.

இதற்கு உலக வங்கி தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்கள், அதிபர்கள், கூட்டுறவுப் பரிசோதகர்கள், கம்பனி நிர்வாகிகள் இருக்கின்றார்கள். வாழ்நாளில் நூற்றுக்கணக்கானோரை நேர்முகம் கண்டவர்கள் அவர்கள். பலர் மாலை வேளைகளில் வாசிகசாலையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் வீதியிலும் நேரத்தைக் கழிக்கின்றார்கள். சனிக்கிழமை காலையில் பீடத்தின் ஓர் அறையையும் மூன்று கதிரைகளையும் ஒதுக்கி, அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினால் வருவார்கள். அந்தக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டியவர் பீடாதிபதி.