தற்செயலா, தன் செயலா?

சொல்லைப் பிழைபட ஆள்வோர் மொழிக்கு மட்டுமே தீங்கு செய்கின்றனர் எனப் பலர் எண்ணுகின்றனர். அவர்கள் தம் பொறுப்பையும் தட்டிக் கழிக்கின்றனர் என்பதே நம் வாதம். 'தற்செயல்' என்னும் ஒரு சொல்லே இதற்குச் சான்று.

பொன்னும் சிலையும் சேர்ந்து பொற்சிலை ஆவதுபோல், தன் செயல் தற்செயல் ஆயிற்று. எவரும் கருதிச் செய்யாமல் தானே நேர்ந்தது என்பது அதன் பொருள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் வீட்டுப் பாட்டிமாரும் அறிந்தது. பழத்தை வீழ்த்தக் காக்கை எண்ணவில்லை. காக்கைக்காகப் பழம் காத்திருக்கவும் இல்லை. வடமொழியாளர் இதனைக் காகதாலீய நியாயம் என்றனர்.

தற்செயலை 'எதேச்சை' என்பாரும் உளர். வடமொழியில் 'யத்ருச்சா' என்பது தற்செயல். 'யதேச்சா' என்பது விரும்பியவாறு நடத்தல். தமிழ் வழக்கிலோ இரண்டும் ஒரே வடிவில் வந்து நிற்கின்றன. எதிர்பாராச் சந்திப்பும் எதேச்சை. கொடுங்கோலன் ஆட்சியும் எதேச்சாதிகாரம்! கருதாததையும் கருதியே செய்ததையும் ஒரு சொல்லால் குறித்தால் தெளிவு ஏது?

சொற்குழப்பத்தினும் கொடியது கருத்துக் குழப்பம். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த நச்சுப் பொருளைக் குளிர்நிலையில் வைக்க வேண்டிய பொறி சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. பொறியை நிறுத்தியது மனிதர் கை. அதன் பின்னும் நேர்ந்ததைத் தற்செயல் என்றால், மாண்டவர்க்கு நீதி கேட்பது எவரிடம்?

பெருங்கேட்டில் வழங்கும் இச்சாக்கு சிறு வீட்டிலும் வழங்குகிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர், "பிள்ளைக்குத் தமிழ் எழுத வராமற் போனது தற்செயல்" என்கின்றனர். உணவு வேளையிலும் வேற்றுமொழியே பேசி, ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்கும் அனுப்பாதிருந்துவிட்டு இவ்வாறு கூறல் தகுமா? விதைக்காத வயல் விளையாமற் போவது தற்செயலா? ஊழின் வலிமையை 38ஆம் அதிகாரத்தில் கூறிய வள்ளுவரே, 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையை வைத்தார். முயலாதவர்க்கு ஊழைக் காட்டித் தப்பும் வழியை அவர் திறந்து வைக்கவில்லை.

ஆகவே தற்செயல் என்னும் நல்ல சொல்லைக் காக்கைக்கும் பனம்பழத்துக்கும் உரியதாக விட்டுவைப்போம். மனிதர் செய்ததையும், செய்யாது விட்டதையும், அவரவர் தன் செயல் என்றே பெயரிட்டு அழைப்போம். பெயர் சரியாக அமைந்தால், திருத்தும் வழியும் புலப்படும். பிள்ளையின் கையில் தமிழ் ஏட்டை நாளையே கொடுக்கலாம். அதற்குத் தற்செயலின் துணை வேண்டா.