வண்டியை விட்டு இறங்குங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். படிக்காமல் லைக் போடுவதாக இருந்தால் அது எனக்கு வேண்டாம்.

சீனாவில் வேலை பார்க்கும் நம் உறவுக்காரப் பையன் ஒருவன், நான்ஜிங் நகரத்தில் ஒரு பேரரசரின் சமாதியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குடும்பக் குழுவில் போட்டோக்கள் போட்டிருந்தான். எல்லாம் வாசல் படங்கள். மூன்று வளைவு வைத்த பெரிய வாசல், அதன் முன்னால் இவன். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு வந்த பதில்களில் ஒன்று என்னை உறுத்திவிட்டது. "நம்ம பக்கம் இப்படிப் போய்ப் பார்க்க என்ன இருக்கு?" எழுதியது வேறு யாருமில்லை, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த உறவுக்காரப் பிள்ளை. பெயர் சொல்லவில்லை, பயப்படாதே.

முதலில் அந்தச் சீன வாசலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மிங் வம்சத்தை 1368இல் தொடங்கிய சூ யுவான்சாங்கின் சமாதி. ஏழைக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. தாய் தகப்பனைப் பறிகொடுத்து, மடத்தில் சேர்ந்து, பிச்சை எடுத்துத் திரிந்தவர். பிறகு பேரரசர் ஆனார். 1398இல் இறந்தார். அவர் சமாதிக்குப் போகிற வழியின் தொடக்கத்தில் ஒரு கல் தோரணம் நிற்கிறது. அதில் ஆறே ஆறு எழுத்து. அதிகாரிகள் எல்லோரும் குதிரையை விட்டு இறங்க வேண்டும் என்று பொருள். எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அங்கிருந்து நடைதான். போட்டோவில் இருந்த மூன்று வளைவு வாசல் அதற்குப் பிறகு வருவது. அதன் மேலிருந்த பழைய மரக்கூரை போரில் போய்விட்டது, சுவர் நிற்கிறது. இன்னும் உள்ளே ஒரு வாசலருகே 1909இல் வைத்த அறிவிப்புக் கல் இருக்கிறது. வெளிநாட்டார் நிறையப் பேர் வரத் தொடங்கியதால், எதையும் சேதப்படுத்தாதீர்கள் என்று ஜப்பான், ஜெர்மன், இத்தாலி, ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் ஆகிய ஆறு மொழிகளில் எழுதி வைத்தார்கள். 2003இல் யுனெஸ்கோ இந்தச் சமாதியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரி, நம்ம பக்கம் என்ன இருக்கு?

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? பக்கத்தில் நெற்கட்டும்செவல் இருக்கிறது. 1755இல் கர்னல் ஹெரான் படையோடு வந்து கோட்டை வாசலில் நின்று 20,000 ரூபாய் கப்பம் கேட்டபோது, பூலித்தேவன் தர முடியாது என்று திருப்பி அனுப்பிய இடம் அது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799இல். அதற்கு 44 வருஷம் முன்னால் நடந்தது இது. பிறகு யூசுப்கான் வந்தார். 1760 கடைசியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார், 1761இல் பிடித்தார். அந்த யூசுப்கானையே 1764இல் மதுரையில் தூக்கில் போட்டார்கள். அவருக்கு மதுரை சம்மட்டிபுரத்தில் சமாதி இருக்கிறது. பூலித்தேவனுக்குச் சமாதி இல்லை. பிடித்துக்கொண்டு போகும் வழியில் நம் சங்கரநாராயணர் கோயிலில் சாமி கும்பிட உள்ளே போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். நாம் தினமும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நுழைகிற அதே கோயில்தான். உள்ளே பூலித்தேவர் அறை என்று ஒன்று இருப்பதை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறீர்கள்?

அவருடைய கோட்டை ஒரே ஆள் நின்று காத்த கோட்டையும் இல்லை. ஒண்டிவீரன் எதிரி முகாமுக்குள் ஒளிந்திருந்தபோது, குதிரை கட்டுகிற முளை தெரியாமல் அவர் கைமேல் அடிக்கப்பட்டதாம். சத்தம் போட்டால் காரியம் கெடும் என்று தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வேலையை முடித்தார் என்பார்கள். வெண்ணிக்காலாடி, வயிறு கிழிந்த நிலையிலும் தலைத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சண்டை போட்டார் என்பார்கள். (மூன்று பேரையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறேன். இவருக்கு 'ர்' போடவில்லை, அவருக்கு அடைமொழி இல்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

இந்த மூன்று பேரும் ஒரே கோட்டைக்காக நின்றவர்கள். இன்று நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஆகஸ்ட் 20 ஒருத்தருக்கு, செப்டம்பர் 1 இன்னொருத்தருக்கு. ஒரு சாதிக்காரர்கள் ஒரு வாசலுக்கு, மற்றவர்கள் வேறு வாசலுக்கு. அந்த நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. ரோட்டில் போலீஸ், சோதனைச் சாவடி, வாகனக் கட்டுப்பாடு. கார் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, கொடியை ஆட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்கள். நினைவிடத்து வாசலில் இரண்டு நிமிஷம், ஒரு மாலை, பத்து செல்ஃபி, பிறகு திரும்பி வருகிற வழியெல்லாம் கோஷம். அடுத்த ஊர்க்காரன் காதில் விழ வேண்டும் என்றே போடுகிற கோஷம்.

இந்தக் கூட்டத்தில் என் மாணவர்களும் இருக்கிறார்கள். ஸ்டேட்டஸில் பார்க்கிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் இருந்து புளியோதரை எடுத்துத் தின்ற பையன்கள் இன்று ஆளுக்கொரு கொடி. ஒருத்தன் போடுகிற ஸ்டேட்டஸைப் பார்த்து இன்னொருத்தன் பல்லைக் கடிக்கிறான். இரண்டு பேருக்குமே நான்தான் 'அ' எழுதக் கையைப் பிடித்தேன்.

உடனே சிலர் கேட்பீர்கள், "டீச்சர், எங்க ஆளுக்கு இத்தனை காலம் யாரும் மரியாதை கொடுக்கலையே, இப்பக் கொண்டாடினா தப்பா?" தப்பே இல்லை. ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி பேரெல்லாம் பாடப்புத்தகத்தில் வெகுகாலம் கிடையாது. கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கு மணிமண்டபம் வந்ததிலும், 2022இல் தபால்தலை வந்ததிலும் எனக்கு நிஜமான சந்தோஷம். மண்டபம் கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டிய பிறகு நாம் எப்படிப் போகிறோம் என்றுதான் கேட்கிறேன். பூலித்தேவன் படத்தை வண்டியில் ஒட்டியிருக்கிற ஒருத்தன் பச்சேரிக்குப் போய் ஒண்டிவீரனுக்கு ஒரு பூ போட்டிருக்கிறானா? தன்னுடைய தளபதிக்கு மாலை போடாத கூட்டத்தை அந்தப் பாளையக்காரர் கோட்டைக்குள் விட்டிருப்பாரா?

நம் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சங்கனும் பதுமனும் சண்டை போட்டார்கள். கோமதியம்மன் தவம் இருந்து, சாமி பாதி சிவனாகவும் பாதி விஷ்ணுவாகவும் காட்சி கொடுத்தார். வருஷம் தவறாமல் ஆடித்தபசுக்குக் கூட்டத்தில் நசுங்கி நின்று அதைப் பார்த்துக் கும்பிடுகிறோம். அடுத்த மாதமே காரில் கொடி கட்டிக்கொண்டு சங்கனாகவும் பதுமனாகவும் மாறிவிடுகிறோம். அப்புறம் எதற்கு ஆடித்தபசு?

போக வேண்டியது விழா நாளில் இல்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். கொடி வேண்டாம், மைக் வேண்டாம். வண்டியை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போங்கள். வாசலில் நின்று போட்டோ எடுத்ததோடு திரும்பாமல் உள்ளே போய், எழுதியிருப்பதைப் பிள்ளையை விட்டு வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நெற்கட்டும்செவல் பார்த்தவர்கள் அன்றைக்கே பச்சேரிக்கும் போங்கள். பச்சேரிக்குப் போகிறவர்கள் நெற்கட்டும்செவலுக்கும் வாருங்கள். இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: சுற்றுலா என்றால் கொடைக்கானல்தானா? ஒரு வகுப்பையாவது இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே வண்டியில் கூட்டிப் போங்கள்.

சீனாவில் இருக்கிற பையனுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். லீவுக்கு வரும்போது அந்தக் குதிரை இறங்குகிற தோரணத்தின் நல்ல படம் ஒன்று பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வா. உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கமெண்டில் சண்டை போட நினைப்பவர்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள். காபி தருகிறேன். ஆனால் தனியாக வரக்கூடாது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.