பெட்டி கட்டும் முன் காகிதத்தை அடுக்குங்கள்

வளைகுடா வேலைக்கு ஆள் கிளம்பும் வீடு, கடைசி இரண்டு நாளும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். அத்தை பருப்புப் பொடி இடித்துக் கொண்டுவருவார். ஊறுகாய் பாட்டிலை மூன்று பாலித்தீன் பைக்குள் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்குவார்கள். மச்சான் அட்டைப்பெட்டிக்கு நைலான் கயிறு கட்டுவார். 30 கிலோவைத் தாண்டிவிடுமோ என்ற கவலையில் பெட்டி அரிசிக் கடைத் தராசுக்குப் போய்த் திரும்பும். இத்தனை பேர் கூடிக் கட்டும் பெட்டியில், போகிறவருக்கு ஆபத்தில் கைகொடுக்கக்கூடிய பொருளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அது அவருடைய காகிதங்கள்.

பட்டுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். திருச்சி விமான நிலையத்துக்குப் போகிற வழியில் காரை வாசலில் நிறுத்திவிட்டு, "அண்ணே, வாட்ஸ்அப்ல விசா அனுப்பியிருக்கேன், ஒரு பிரிண்ட் போதும்" என்று அவசரப்படுத்தும் பிள்ளைகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வேலை ஒப்பந்தம் எங்கே தம்பி என்று கேட்டால், "அது ஏஜென்ட் கையில இருக்குண்ணே" என்பார்கள். வீட்டில் ஒரு செட் வைத்திருக்கிறாயா என்று கேட்டால் பதிலே வராது.

வீட்டில் அந்த ஒரு செட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே கடையில்தான் பார்த்தேன். கணவரிடமிருந்து பல நாட்களாக அழைப்பு வரவில்லை என்று, கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க மனு அடித்துத் தரச் சொல்லி ஒரு பெண் வந்தார். பாஸ்போர்ட் எண் தெரியாது. கம்பெனி பெயர் தெரியாது. "சவுதியில கட்டட வேலைங்கண்ணே" என்பது மட்டும்தான் தெரியும். இந்த விவரங்கள் இல்லாத மனுவை வைத்துக்கொண்டு தூதரகம் எந்த ஊரில் யாரைத் தேடும்? அவருடைய கைப்பேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வேலைத்தளத்தில் எடுத்த ஒரு படத்தில் கணவர் பச்சை நிறப் பாதுகாப்புச் சட்டை போட்டிருந்தார். நெஞ்சுப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது, பாதி மடிப்பில் மறைந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கி, எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் கம்பெனி பெயரைப் பிடித்தோம். பிறகு ஆள் கிடைத்தார், உயிரோடு இருந்தார். ஆனால் ஒரு ஜெராக்ஸ் தாள் வீட்டில் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் அத்தனை இரவுகள் தூங்காமல் கிடந்திருக்க வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன், பெட்டியை எடுப்பதற்கு முன் மூன்று செட் காகிதம் தயார் செய்யுங்கள். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, வேலை ஒப்பந்தம், டிக்கெட், காப்பீட்டுத் தாள், ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தின் ரசீது, கம்பெனியின் முகவரியும் தொலைபேசி எண்ணும். அசல்கள் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். லக்கேஜில் போடும் பெட்டிக்குள் ஒரு செட், வீட்டில் ஒரு செட், நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு செட். வீட்டு செட்டை பீரோவில் பூட்டி மறந்துவிடாமல், மனைவியிடமோ அம்மாவிடமோ ஒவ்வொரு தாளும் எதற்கு என்று சொல்லிக்கொடுங்கள்.

காகிதத்தை அடுக்கும்போதுதான் அதைப் படிக்கவும் தோன்றும். ஏஜென்ட் வாயால் சொன்ன வேலையும் சம்பளமும்தான் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு? ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலைக்கான சலுகைக் கடிதத்தைத் தமிழிலும் பெற வழியிருக்கிறது, கேட்டு வாங்குங்கள். "விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று எவர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி அரசின் அனுமதி பெற வேண்டும். விசிட் விசா வழி அந்தப் பாதுகாப்பையே தட்டிப் பறித்துவிடுகிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பெட்டிக்கு வாங்கும் கயிறு, பூட்டு, டேப்புக்கே அதற்கு மேல் செலவு செய்கிறோம்.

பெட்டியில் வைக்கக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடி அரைக்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தும், டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் சீட்டைக் காட்டினால் போதும் என்று நினைத்து எடுத்துப் போகாமல், அந்த நாட்டு விதியைப் பார்த்து முன் அனுமதி வாங்குங்கள். எல்லாவற்றையும் விட ஆபத்து, அடுத்தவர் கொடுத்துவிடும் பொட்டலம். "எங்க தம்பிக்குக் கொஞ்சம் மருந்து, கொண்டுபோய்க் குடுத்துடுப்பா" என்று கேட்கும்போது மறுப்பது நம் ஊர்ப் பழக்கத்தில் கஷ்டம்தான். ஆனால் சுங்கத்தில் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள். பிரித்துப் பார்க்காத எதையும் வாங்காதீர்கள். கேட்பவர்களும் ஒரு பிள்ளையின் பிழைப்பை நினைத்து, கேட்காமல் இருங்கள்.

போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கம்பெனி கேட்டு வாங்கிக்கொள்வது இன்னும் நடக்கிறது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ள வளைகுடா நாட்டுச் சட்டங்களே இடம் கொடுப்பதில்லை. கத்தாரில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அபராதமே விதிக்கிறது. இது தெரிந்து போகிறவருக்குத் திருப்பிக் கேட்கும் தைரியமாவது இருக்கும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்கு ஒரு நாள் முன்பயணப் பயிற்சி இலவசமாகவே நடக்கிறது. என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறோம், நல்ல காரியம். அதோடு அந்தப் பயிற்சி தாலுகா தோறும் வர வேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, வெளிநாடு போகிறவர் விரும்பினால் பாஸ்போர்ட், கம்பெனி விவரங்களைப் பதிந்துவிட்டுப் போக வழி செய்ய வேண்டும். நாளைக்கு ஒரு தாய் மனுவோடு வந்து நின்றால், தேடலை எங்கே தொடங்குவது என்று அந்தப் பதிவேடு சொல்லும்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஏற்கெனவே வெளிநாட்டில் வேலையில் இருந்தால், இன்று இரவு பேசும்போது பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாளைக் காலையில் அவற்றைப் பிரிண்ட் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.