பாயும் குத்தும் கலங்கிய மூளையும்

ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே, அதான் ஒரு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆனா உண்மைக் காரணம் வேற. ரெண்டு நாள் மானிட்டரைப் பார்த்தாலே தலை சுத்துச்சு.

பொட்டி தட்டி வளர்த்த தொப்பையைக் குறைக்கத்தான் பாக்ஸிங் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாசத்துல ஜாப், கிராஸ், ஹுக் எல்லாம் ஓரளவு வந்ததும், உள்ளுக்குள்ள ஒரு டைசன் முழிச்சுக்கிட்டான். கத்துக்கிட்டா கெஸல் பன்ச்தான் கத்துக்கணும்னு ஒரே பிடிவாதம்.

கெஸல்னா ஒரு வகை மான். இந்தக் குத்தைப் பிரபலமாக்கியவர் ஃப்ளாய்ட் பேட்டர்சன். 1956ல், 21 வயசுலயே ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். முழங்காலை மடக்கிக் குனிஞ்சு, கால் பலத்துல முன்னே பாய்ந்து, பாய்ச்சலோட வேகத்தையும் சேர்த்து இடது ஹுக்கை இறக்கணும். உடம்பு எடை மொத்தமும் அந்த ஒரு கையில் வந்து நிக்கும். பார்க்கவே அழகா இருக்கும்.

ஆபத்தும் அந்த அழகுலயேதான் இருக்கு. கால் தரையை விட்டுட்டா திசை மாத்த முடியாது, பின்வாங்கவும் முடியாது. நீங்க குனியறதைப் பார்த்து எதிராளி சும்மா கையை நேரா நீட்டினாலே போதும். அவன் வேகம், உங்க வேகம் ரெண்டும் கூட்டல் கணக்கு. பிளஸ் டூ இயற்பியல்தான், பரீட்சைக்கு மட்டும் படிச்சதால மறந்துபோச்சு.

மாஸ்டர் தெளிவாத்தான் சொன்னார். "தம்பி, இதைப் பையில மட்டும் அடி. ஆள் மேல பாயாதே. முதல்ல வலது கையைக் கன்னத்துல வைக்கப் பழகு." தலையாட்டிட்டு, அவர் போன் பேச வெளியே போன நேரமாப் பார்த்து ஒரு காலேஜ் பையன் மேல பாய்ஞ்சேன். அடுத்து ஞாபகம் இருக்கறது கூரை ஃபேனும், "சாரிண்ணா, நீங்களே வந்து விழுந்தீங்கண்ணா"ங்கிற குரலும்தான்.

ஹெட்கார்டு போட்டிருந்தேன். அது புருவம் கிழியறதைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்கறதைத் தடுக்காது. 'கன்கஷன்'னு சொன்ன டாக்டர், அறிகுறி முழுசா போறவரைக்கும் ரிங் பக்கமே போகாதேன்னுட்டார். அந்த ரெண்டு நாளும் நான் எழுதின கோடே எனக்குப் புரியலை. (சாதாரணமாவே புரியாதுங்கறது வேற விஷயம்.)

"அடி வாங்காம பாக்ஸிங் வராது"ன்னு நண்பர்கள் சொல்றாங்க. போட்டிக்குப் போறவங்களுக்கு அது சரி. நம்மள மாதிரி சாயங்காலம் ஒரு மணி நேரம் போறவங்களுக்கு இது தேவையில்லாத வீரம்னு நான் நினைக்கிறேன். இந்தக் குத்தைக் கத்துக்கறது தப்பில்லை. பையில அடிங்க, மாஸ்டர் பிடிக்கிற பேடுல அடிங்க. ஸ்பாரிங்ல தலைக்குக் குறி வேணாம்.

பேட்டர்சனோட மீதிக் கதையையும் சொல்லணும். 1959ல் ஸ்வீடன்காரர் இங்கெமார் ஜொஹான்சன் அவரை மூணாவது ரவுண்டில் ஏழு முறை வீழ்த்திப் பட்டத்தைப் பறிச்சார். 1960ல் பேட்டர்சன் இடது ஹுக்கால் அவரைச் சாய்ச்சுப் பட்டத்தை மீட்டார். ஹெவிவெயிட்டில் இழந்த பட்டத்தை மீட்ட முதல் ஆள் அவர்தான். அப்புறம் ரெண்டு பேரும் நல்ல நண்பர்களானாங்க. 1998ல் நியூயார்க் குத்துச்சண்டை ஆணையத் தலைவரா இருந்த பேட்டர்சனை விசாரணையில் கேள்வி கேட்டப்போ, யாரை ஜெயிச்சு சாம்பியன் ஆனோம்னே அவருக்கு ஞாபகம் வரலை. பதவியை விட்டார். 2006ல் இறந்தார். ஜொஹான்சனும் கடைசிக் காலத்துல மறதி நோயோடதான் இருந்து 2009ல் போய்ச் சேர்ந்தார். எல்லாத்துக்கும் அந்தக் குத்துகள்தான் காரணம்னு ஒரே வரியில முடிச்சிட முடியாது. ஆனா திரும்பத் திரும்பத் தலையில் விழற அடி மூளையைக் கெடுக்கும்ங்கறதுல இன்னைக்குச் சந்தேகம் இல்லை.

அவங்களுக்காவது பட்டம் கிடைச்சது. எனக்கு என்ன கிடைச்சிருக்கும்? நமக்குச் சோறு போடறது கழுத்துக்கு மேல இருக்கறதுதான் மக்களே.

டிஸ்கி: அம்மாகிட்ட 'கதவுல இடிச்சுக்கிட்டேன்'னு சொல்லியிருக்கேன். யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க.