போத்தல் மாட்டினா கொசு போயிடுமா?

கோயில் பின்பக்கம் தொங்கின ஆறு கொசுப் போத்தலையும் நேத்து நான்தான் கழட்டினேன். கோபப்படுறவங்க முழுசா படிங்க.

சீனித் தண்ணியில ஈஸ்ட் போட்டா கரியமில வாயு வரும், கொசுவை இழுக்கும். அது உண்மைதான். ஆனா பக்கத்துலயே இத்தனை பேர் மூச்சு விட்டுக்கிட்டு நிக்கும்போது எந்தக் கொசு போத்தலைத் தேடிப் போகும்? மூணு வாரத்துல விழுந்தது பூரா பழ ஈ. ரெண்டு போத்தல்ல மழைத்தண்ணி நிறைஞ்சு கொசுப்புழு நெளியுது!

மண்டபத்துப் பின்னாடி பாருங்க. சிரட்டை, அகல் விளக்கு, பூச்சாடி, எல்லாத்துலயும் தண்ணி. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கரண்டித் தண்ணி போதும். அதோட முட்டை காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்கா சாகாது. அதனால கொட்டினா மட்டும் பத்தாது, உள்பக்கம் தேய்க்கணும். குளிர் ஊர்ல ஏது டிங்கின்னு கேக்காதீங்க. போன மாசம் நம்ம லயத்துப் பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்துச்சு.

1901ல கிள்ளான்ல டாக்டர் மால்கம் வாட்சன் மலேரியாவை அடக்கினது சதுப்புத் தண்ணியை வடிச்சுத்தான். பேக்டரியில நாங்களும் ஒழுகுற இடத்தை அடைச்சிட்டுதான் தரையைத் துடைப்போம்.

ஞாயிறு காலை 7 மணிக்கு பிரஷ், சாக்கு கொண்டு வாங்க. போத்தல் வேணும்னா என் வீட்டுல வாங்கிக்கலாம், கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன்.