மிட்டாயும் மதுக்கடைக் காசும்

மணிமுத்தாறு அணைப் பக்கம் டீக்கடையோ, திருநெல்வேலி ஜங்ஷன் பெட்டிக்கடையோ, "சில்லறை இல்லையே" என்று மீதிக்கு மிட்டாயை நீட்டுவது பழகிப்போன காட்சி. அதே மிட்டாயை மறுநாள் திருப்பிக் கொடுத்து டீ கேட்டால்? கடைக்காரர் சிரித்துவிடுவார்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்கள்!

1649-ல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட பிறகு, சில்லறைக் காசு அடிக்க ஆளில்லை. கால் பென்னி, அரை பென்னி இல்லாமல் வியாபாரம் நடக்குமா? மதுக்கடைக்காரர்களும் மளிகைக்காரர்களும் தாங்களே டோக்கன் அடித்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சிங்கம், மணி என்று கடை அடையாளப் படம் இருக்கும். பல டோக்கன்களில் மூன்று எழுத்துகள்: குடும்பப் பெயருக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. கடையை நடத்தியதில் மனைவிக்கும் பங்கு உண்டே!

ஆனால் அந்தக் காசு அந்தத் தெருவைத் தாண்டினால் செல்லாது. கடை மூடினால் கையிலிருப்பது வெறும் தகடு. 1672-ல் இரண்டாம் சார்லஸ் அரசுச் செப்புக் காசு வெளியிட்டு, தனியார் டோக்கன்களுக்குத் தடை போட்டார்.

நம்மவர்களுக்கும் இந்தக் கதை புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில், தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்குப் போனவர்கள் உழைத்த இலங்கைக் காப்பித் தொழிலிலும் டோக்கன்கள் புழங்கின. கொழும்பு ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் 1843-ஆம் ஆண்டு டோக்கன் சேகரிப்பாளர்களிடையே பிரபலம். உழைத்தது நிஜம். கையில் கிடைத்ததோ, கொடுத்தவர் மதித்தால் மட்டுமே பணம்.

இந்தியாவில் தனியார் உலோகக் காசுக்கு 1889-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2011 நாணயச் சட்டத்திலும் அந்தத் தடை தொடர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இன்று அரசு அடித்த 10 ரூபாய் நாணயத்தையே "செல்லாது" என்று திருப்பித் தருகிறவர்கள் உண்டு. 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் நாணயங்கள் அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களில் 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம், சட்டப்படி செல்லும்.

நாணயத்தை மறுத்தால் பெரிய கடைக்கு நஷ்டமில்லை. நாள் முழுக்கப் பூ விற்று அதையே சேர்த்து வைத்திருக்கும் பாட்டிக்குத்தான் அன்றைய அரிசி போய்விடும். அடுத்த முறை யாராவது 10 ரூபாய் நாணயம் நீட்டினால், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.