ஒரே ஒரு கிட்டார் என்றால், மேடைக்கே வாங்குவோம்

பகுதிநேர வேலைச் சம்பளம், தேசிய சேவைப் படித்தொகை, வேலைப் பயிற்சியில் கிடைத்த பணம் எல்லாவற்றையும் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்த்து, 3,000 வெள்ளிக்கு மேல் விலையுள்ள எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் காத்திருக்கும் இளையர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் வாசிக்கும் மாணவர் இசைக்குழுவிலேயே இருவர் உண்டு. “ஃபெண்டரா, கிப்சனா?” என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. என்னைக் கேட்டால், “எங்கே வாசிக்கப் போகிறோம்? மேடையிலா, ஒலிப்பதிவுக்கூடத்திலா?” என்பதே முதலில் வரவேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மாணவர்களாகிய நாம் மேடையை மனத்தில் வைத்தே வாங்க வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப். 1954ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்கள் இருந்தன. ஒற்றைச் சுருள் என்பதால் ஒலி தெளிவாக, பளிச்சென்று இருக்கும். ஆனால், சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 1952ல் அறிமுகமான கிப்சன் லெஸ் பாலில் 1957ல் ஹம்பக்கர் வந்தது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, இரைச்சல் தானே அடங்கும்படி செய்த ஏற்பாடு அது. அதன் ஒலி கனமானது, அழுத்தமானது.

ஒலிப்பதிவுக்கூடத்தில் அந்த இரைச்சல் பெரிய சிக்கல் இல்லை. நாற்காலியைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்தாலே குறைந்துவிடும். சுருதி விலகினால் நிறுத்திச் சரிசெய்து மீண்டும் வாசிக்கலாம். ஒரு பாடலுக்கு வேறு ஒலி தேவைப்பட்டால் நண்பரின் கிட்டாரை ஒரு பிற்பகலுக்கு இரவல் கேட்கலாம். பாட்டைக் கேட்பவருக்கு அது யாருடைய கிட்டார் என்று தெரியப்போவதில்லை.

மேடையில் இந்த வசதி எதுவும் கிடையாது. சமூக மன்றத் தீபாவளி நிகழ்ச்சியில் விளக்குகளும் மின்கம்பிகளும் நம்மைச் சூழ்ந்திருக்கும். டிஸ்டார்ஷனைக் கூட்டினால் இரைச்சலும் கூடவே எழும்பும். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து திறந்தவெளி மேடைக்கு வந்ததும், வெப்பத்தில் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் நம்முடையது. வியர்வையும் சேர்ந்தால் கம்பிகள் சீக்கிரமே துருப்பிடிக்கும். 4 கிலோவைத் தாண்டும் லெஸ் பாலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், எடையும் ஒரு கணக்கு என்பது புரியும். அதன் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் முறியும்.

நம் குழுக்கள் வாசிக்கும் பாடல்களையும் பாருங்கள். மென்மையான மெலடி முடிந்த அரை நிமிடத்தில் அதிரடியான குத்துப்பாட்டு தொடங்கும். கிட்டாரை மாற்ற நேரம் இருக்காது. அதனால், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள ஸ்ட்ராட் வகையோ, ஹம்பக்கரை ஒற்றைச் சுருளாக மாற்றும் வசதியுள்ள பிஆர்எஸ் கஸ்டம் 24 போன்றதோ நமக்குப் பொருந்தும். சுருளைப் பிரித்தால் வரும் ஒலி அசல் ஸ்ட்ராட் ஒலி ஆகாது என்பது உண்மைதான். ஆனால் டிரம்ஸ், கீபோர்ட், பாடகர் எல்லாரும் சேர்ந்து முழங்கும்போது அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

“தனித்தன்மையுள்ள ஒலி வேண்டாமா?” என்று சிலர் கேட்பார்கள். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1970ல் நியூயார்க் கடையொன்றில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட், தொழிற்சாலையில் தயாரான கிட்டார்தான். கழுத்து, பிக்கப் என்று பலவற்றை அவர் மாற்றிக்கொண்டே இருந்தார். மேடையிலும் ஒலிப்பதிவிலும் அதையே பயன்படுத்தினார். 2019ல் அது 39.75 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை மரத்துக்கோ பிக்கப்புக்கோ கிடைத்ததன்று, அதில் அவர் வாசித்த இசைக்குக் கிடைத்தது. குவீன் குழுவின் பிரையன் மேயோ, பதின்ம வயதில் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டாரைத்தான் உலக மேடைகளுக்கெல்லாம் கொண்டுசென்றார்.

பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போனால் உட்கார்ந்து வாசித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். தோள்பட்டையை மாட்டி இருபது நிமிடம் நின்று வாசியுங்கள். கம்பிகளை நன்றாக இழுத்து வளைத்தபின் சுருதி நிற்கிறதா என்று பாருங்கள். டிஸ்டார்ஷனைக் கூட்டிவிட்டு, வாசிக்காமல் இரைச்சலை மட்டும் கேளுங்கள். பழைய கிட்டார் என்றால் தலைப்பகுதியில் ஒட்டுப்போட்ட தடம் உள்ளதா என்று தடவிப் பாருங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாமல், நல்ல பெட்டிக்கும் பராமரிப்புக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

கடைசியாக உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறுவேனா?” கீறல் விழுமோ, யாராவது இடித்துவிடுவார்களோ என்று அஞ்சி வீட்டிலேயே வைக்கப்போகும் கிட்டார் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இந்த வயதில் நமக்கு அது வேண்டாம்.